அவர் கையிலிருந்த கியர்

கிளட்சுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் நான் வண்டியை அணைத்து அணைத்து எடுத்ததில், கற்றுக்கொடுத்தவருக்கே தலைவலி வந்துவிட்டது. அதனால்தான் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம். ஐம்பது வயதுக்கு மேல் இது என்ன ஆசை என்று கேட்காதீர்கள். ஆசை இல்லை, வேறு வழியில்லை. ராணுவத்தில் லாரி ஓட்டியவர் என் கணவர். ஓய்வு பெற்று வந்த பிறகும் ஸ்டீயரிங்கை விடாதவர். சர்க்கரை அவர் கண்ணில் கை வைத்துவிட்டது. எதிரே வருவது பஸ்ஸா மாடா என்று தெரியாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கண் டாக்டரிடம் அடிக்கடி போயாக வேண்டும்.

காரில் என் இடது பக்கம் உர்ரென்று உட்கார்ந்திருப்பார். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார். பார்வை போனதைவிட, இந்த மனுஷன் இப்படியே அடங்கிப்போய்விடுவாரோ என்பதுதான் எனக்குப் பயம்.

ஒரு நாள் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். எதிரே சாலை காலி. முந்தலாம் என்று மிதித்தால் கார் உட்கார்ந்து யோசிக்கிறது.

"ஏட்டி, வண்டி திணறுது, ஒனக்குக் கேக்கலையா?"

நான் வாய் திறப்பதற்குள் வலது கையை நீட்டி லீவரைத் தடவிப் பிடித்தார். கியர் தானாக மாறும் 'டி'யிலிருந்து கையால் மாற்றும் 'எம்'முக்குத் தட்டி ஒரு கியர் இறக்கினார். கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. லாரியைத் தாண்டியதும் ஓரங்கட்டினேன். நாமே கியர் மாற்றிக்கொள்ளவும் இதில் வழி உண்டு என்று கார் வாங்கிய அன்று ஷோரூம் பையன் விளக்கியிருந்தான். நமக்கு எதற்கு என்று நான் காதிலேயே வாங்கவில்லை. இவர் காதில் வாங்கியிருக்கிறார்.

"கண்ணுதான் தெரியலைன்னா கையையாவது வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? ரெண்டு பேரும் போய்ச் சேந்திருப்போம்!"

அவர் கோபப்படவில்லை.

"காது நல்லாத்தானே கேக்குது. இது ஒண்ணையாவது எங்கிட்ட விடேன்" என்றார்.

திட்ட வைத்திருந்த மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

தளவாய்புரம் பக்கம் ஆளில்லாத சாலையில் பழகினோம். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் எனக்கு, கியர் அவருக்கு. நான் 'ம்' சொன்னால்தான் லீவரை அசைக்கலாம். நான் மிதிப்பேன், அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டபடி காத்திருப்பார். என் கொழுந்தனார் இதைப் பார்த்துவிட்டு, "மதினி, டிரைவர் ஒண்ணு, கண்டக்டர் ஒண்ணுன்னு ரூட் பஸ்ஸுல்லா ஓட்டுதிய!" என்றார். இவரும் சேர்ந்து சிரித்தார். அந்த வாரமே குழம்பில் உப்பில்லை என்று என்னோடு சண்டைக்கு வந்தார். அந்தச் சண்டைக்காக அந்த லீவரைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

போன மாதம் டாக்டர் சொல்லிவிட்டார். இனிமேல் பார்வை மோசமாகாது, போனது திரும்பி வரவும் வராது. இவர் "சரிங்க" என்று மட்டும் சொன்னார். காரில் ஏறியதும் வழக்கம்போல் லீவரில் கையை வைத்தார்.

வேகத்தடை வந்தது. வேகம் குறைந்தால் கியர் தானாகவே இறங்கிக்கொள்ளும்; இரண்டாவதில் ஏறி இறங்கினோம். வேகம் கூடியது, இன்ஜின் கத்தியது. 'ம்' என்றேன். கை அசையவில்லை. மறுபடி 'ம்' என்றேன். அப்போதும் அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தவர் ஓட்டும் வண்டியில் இவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் போனாலும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார். நான் ஓட்டும்போது கேட்கவே வேண்டாம்.

லீவரை 'டி'க்குத் தள்ளிவிட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம். மனசு வரவில்லை. லீவரில் இருந்த அவர் கை மேல் என் இடது கையை வைத்தேன். அவர் கேட்பது போலவே இன்ஜினைக் கேட்டேன். கடவுளே, இவ்வளவு கொடுத்தாயே என்று நினைத்தபடி, மெதுவாக மூன்றாவதுக்கு மாற்றினேன்.

கார் குலுங்கவில்லை. அவர் விழிக்கவும் இல்லை.