மூன்றாவது ஆள்

வெர்லின் சவாட்ஸ்கி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. என் அக்காவைக் கட்டியவர். இருபது வருடமாக அக்கா பரிமாறுவாள், அவர் தட்டோடு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். தானியக் கிடங்கில் வேலை. லாரி வருவதற்கு முன்பே வாசலில் போய் நிற்பார். எங்கள் டன்ரே ஊரின் ஐஸ் ஹாக்கி அணியிலும் இதே கதைதான்.

நான் கோலி, அதாவது கோல்கீப்பர். அதனால் என் கோபத்துக்கு நியாயம் உண்டு. பந்துக்குப் பதில் நாங்கள் அடிக்கும் ரப்பர் வட்டை எதிரணி தன் மூலையில் எடுத்ததும் எங்கள் முன்வரிசை மூன்று பேரும் அங்கேயே போய் மறிக்க வேண்டும். முதல் ஆள் துரத்தி ஒரு பக்கமாக ஒதுக்குவான். இரண்டாவது ஆள் அந்தப் பக்கம் காத்திருப்பான். மூன்றாவது ஆள் அவர்கள் கோலுக்கு எதிரே, நடுவில், சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். அவன் நகர்ந்தால் வட்டு நடுவழியாக வெளியே வந்துவிடும். அப்புறம் என் முன்னால் மூன்று தடியன்கள். வெர்லினை எங்கே நிறுத்தினாலும் அவர் துரத்தப் போய்விடுவார். பன்னிரண்டு வருடமாக அந்த ஓட்டையை நான்தான் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு மதியம் பக்கத்து ஊர் ஹோல்பெக்கோடு ஆட்டம். தோற்றால் சீசன் முடிந்தது. எங்கள் பயிற்சியாளர் மிர்னா, தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள், உடை மாற்றும் அறையில் நேராக அவரிடம் வந்தாள்.

"வெர்லின், இன்னிக்கு நீதான் மூணாவது ஆள். இடத்தை விட்டு நகர்ந்தே, இதோட டீம்லேர்ந்து தூக்கிடுவேன்."

"நாப்பத்தோரு வயசுல என்னைக் கம்பமா நிக்கச் சொல்றியா?"

"ஆமா. கம்பத்துக்கு வாய் கிடையாது."

நின்றார். ஓடியவர்களைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்தது. மட்டையால் ஐஸைத் தட்டிக்கொண்டே இருந்தார். "சவாட்ஸ்கி, உன் கால்ல யாருய்யா ஆணி அடிச்சது?" என்று ஹோல்பெக்காரர்கள் கத்தினார்கள். பாவமாகத்தான் இருந்தது.

இரண்டுக்கு இரண்டு. மூன்று நிமிடம் பாக்கி. ஹோல்பெக்கின் தடுப்பாட்டக்காரன் கிப், தன் கோலுக்குப் பின்னால் வட்டைத் தவறவிட்டான். அது ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையோரம் அநாதையாகக் கிடந்தது. அரங்கமே எழுந்துவிட்டது. என் அக்காவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

"போய்யா வெர்லின்! எதுக்கு நிக்கிற, போ!"

"நில்லுங்க மாமா!" என்று இந்தக் கோடியிலிருந்து நான் அலறியது அவருக்கு எங்கே கேட்டிருக்கும்? அவர் முழங்கால் மடங்கியது. போச்சு என்று நினைத்தேன்.

போகவில்லை.

கிப்புக்கும் பன்னிரண்டு வருடப் பழக்கம். வெர்லின் இந்நேரம் தன் முதுகில் வந்து மோதப்போகிறார் என்றே நம்பிவிட்டான். தலையைக்கூடத் தூக்காமல், வெர்லின் எப்போதும் காலியாக விட்டுப்போகும் நடு இடத்துக்கு வட்டைத் தள்ளினான். அது வெர்லினின் மட்டையில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே அடி. கோல். அந்த ஒன்றிலேயே ஜெயித்தோம்.

எல்லோரும் கேன்டீனில் பெரோகிக் கொழுக்கட்டைக்கு வரிசை கட்டினார்கள். அவரை மட்டும் காணவில்லை. போய்ப் பார்த்தால் ஐஸில் தனியாக, தானே வட்டை மூலைக்கு அடித்து, தானே துரத்திக்கொண்டிருந்தார். ஐஸைச் சமன் செய்யும் வண்டிக்காரர் ஹாரன் அடித்துச் சலித்துப்போயிருந்தார்.

"மாமா, ஜெயிச்சாச்சு. சாப்பிட வாங்க."

மூச்சு வாங்க வாசலருகே வந்து நின்றார். "மிர்னா என்ன சொன்னா?"

"உங்களைத் தூக்கலையாம். கடைசி ஆட்டம் வரைக்கும் நீங்கதான் மூணாவது ஆள்."

அவர் கண் கலங்கிவிட்டது.

"கோல் அடிச்சேன் மாப்ள. ஆனா இன்னிக்கு நான் விளையாடவே இல்ல."

அவர் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் பன்னிரண்டு வருடமாக நான் கேட்ட வரம். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் காலடியில் கிடந்த வட்டை என் செருப்புக்காலால் எட்டி மூலைக்கு உதைத்தேன்.

நான் காலைக் கீழே வைப்பதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.