மின்விசிறிக் கம்பெனி ஹேமாவதி

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஹேமாவதி முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். கல்யாண வீடோ துக்க வீடோ, பேதமே இல்லை. ஒட்டடையைத்தான் நோட்டம் விடுகிறார் என்று நினைத்து முகம் சுண்டிப்போன வீட்டுக்காரிகள் அவர் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். அவர் பார்ப்பது மின்விசிறியை. "நம்ம கம்பெனி ஃபேனு சார். எவ்ளோ பழசா இருந்தாலும் பாத்த ஒடனே சொல்லிடுவேன்" என்பார், பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் கண்ட சந்தோஷத்தோடு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மின்விசிறி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் மக்கள் தொடர்பு அதிகாரி. யாராவது கேட்டால், "கத சொல்ற வேல" என்பார். விளம்பரக்காரர்கள் என்றாலே எனக்கு ஆகாது. விற்க வேண்டியதை விற்றுவிட்டுப் போங்களேன், எதற்காக எங்கள் கண்ணைக் கசக்க வைக்கிறீர்கள் என்று, வேலை விட்டு நாங்கள் ஒன்றாகத் திரும்பும் ரயிலிலேயே அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். கோபப்படவே மாட்டார். வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, "அத்த வுடுங்க சார். உங்க ஊட்டுக்கு மொத ஃபேனு எப்ப வந்துது?" என்றார் ஒருநாள்.

அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். அப்பா அட்டைப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்த சாயங்காலம், சுவரில் செங்கல் கனத்துக்கு ஒரு கறுப்பு ரெகுலேட்டர், அது சுடுகிறதா என்று நாங்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, அக்கம்பக்கத்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் கூடத்துக்குப் படுக்க வந்தது. சொல்லி நிமிர்ந்தபோது, நான் இறங்க வேண்டிய பொன்னேரி தாண்டிவிட்டது. அந்த நாட்களுக்காக நான் இவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹேமாவதியின் கம்பெனி விளம்பரங்களெல்லாம் இப்படி யாரிடமாவது கறந்தவைதான்.

கம்பெனிக்கு நாற்பதாம் ஆண்டு விழா வந்தது. நல்ல கதை ஒன்று வேண்டும் என்றார் மேனேஜர் ராஜமாணிக்கம். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில், கங்கையம்மன் கோயில் மண்டபத்தில் அது ஹேமாவதிக்குக் கிடைத்தது. உப்புக் காற்று இரும்புக் கதவையே தின்று தீர்க்கிற இடத்தில், பல வருஷங்களாகச் சுற்றிக்கொண்டிருந்த இவர்கள் கம்பெனி விசிறி. ஒரு இறக்கையில் சிவப்புப் பெயிண்டில் 'உபயம்: தேசப்பன்'. ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு அதைக் கழற்றினார்கள். புதியது ஒன்றை இலவசமாக மாட்டிப் படமும் பிடித்தார்கள். பழையது கம்பெனி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியேறியது.

அடுத்த வாரமே தேசப்பனின் மனைவி பச்சையம்மா கம்பெனிக்கு வந்துவிட்டார். கழற்றிய அன்று அவர் காட்டுப்பள்ளியில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார். ஹேமாவதி பூரித்துப்போய்க் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "பாருங்கம்மா, உங்க ஊட்டுக்காரர் குடுத்த ஃபேனத்தான் எல்லாரும் பாத்துக்கினு போறாங்க."

"இங்க வர்றவங்களுக்கு அவர யாருன்னு தெரியும்?" என்றார் பச்சையம்மா. "அவரு செத்துப் பூட்டாருன்னு ரேஷன் கார்டுல பேர அடிச்சிட்டாங்க. ஆத்தா எதிர்க்கயாவது அந்தப் பேரு இருக்கட்டும்னுதான் அவரு வலைய வித்து இத்த வாங்கி மாட்டனேன்."

புதிய விசிறியில் அதே பெயரை எழுதிவிடலாம் என்று ராஜமாணிக்கம் யோசனை சொன்னார். பச்சையம்மா காதைப் பொத்திக்கொண்டார். "அது நீங்க குடுத்ததாச்சே! அதுல அவரு உபயம்னு எழுதினா பொய் இல்லியா? ஆத்தா எதிர்க்கப் பொய்யி எழுதுவாங்களா?"

இந்தக் கேள்வி ஹேமாவதியை ஆட்டிவிட்டது. அன்று ரயிலில் வேர்க்கடலை வாங்கவில்லை. "அந்தம்மாவ ஒரு வார்த்த கேக்காம வுட்டுட்டனே சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது.

விழாவன்று காலையில் ஹேமாவதி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து விசிறியை எடுத்துவிட்டார். "டீலருங்க மத்தியானம் வந்துடுவாங்க. காலிப் பெட்டியவா காட்டறது? மொதலாளிக்கு நீயே பதில் சொல்லிக்கோ, உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல" என்று ராஜமாணிக்கம் கத்தினார். "கத சொல்றதுதான சார் என் வேல, வாயால சொல்லிக்கறேன்" என்று ஆட்டோ ஏறிவிட்டார். அவர் அழைத்து விழாவுக்கு வந்திருந்த நானும் வேடிக்கை பார்க்கத் தொற்றிக்கொண்டேன்.

கோயில் மண்டபத்தில் எலக்ட்ரீஷியன் புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டி ஓடவிட்டார். வெயிலில் வெந்துகொண்டிருந்த குப்பத்துப் பெண்கள் முந்தானையை உதறிக் கீழே உட்கார்ந்தார்கள். ராஜமாணிக்கத்திடமிருந்து போன் வந்தபடியே இருந்தது, ஹேமாவதி எடுக்கவில்லை. பச்சையம்மா மட்டும் உட்காராமல், தூணைப் பிடித்தபடி கண்ணை இடுக்கிக்கொண்டு விசிறியில் எதையோ தேடினார். சுழல்கிற வேகத்தில் அங்கே ஒரு சிவப்பு வளையம்தான் தெரிந்தது.

ஹேமாவதி எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தார்.