குதிக்காலும் கனடாவும்

கரப்பந்தில் துள்ளி இறங்கியபோது என் குதிக்கால் தசைநார் அறுந்தது.

"சின்னத் துளையளாலை தைச்சால் காயம் கெதியா ஆறும், ஆனால் பக்கத்து நரம்பிலை ஊசி படலாம். நீளமா வெட்டித் தைச்சால் எல்லாம் தெரியும், ஆனால் புண் பழுதாகலாம்" என்றார் வைத்தியர்.

எங்கள் வீட்டில் கிணற்று மோட்டர் வாங்குவதென்றாலும் வெளிநாட்டைக் கேட்டுத்தான் வாங்குவோம். கனடா அண்ணை துளை என்றார். லண்டன் அத்தான் வெட்டு என்றார். "அவசரப்படாதை, நாங்கள் கதைச்சுச் சொல்லுறம்" என்றார்கள். ஐந்து கிழமை கதைத்தார்கள். மடையன் நானும் காத்திருந்தேன்.

பிறகு வைத்தியர் காலைத் தொட்டுப் பார்த்தார். "அறுந்த நுனியள் விலகிப்போட்டுது. இனித் துளை சரிவராது, வெட்டத்தான் வேணும்."

அதை அண்ணைக்குச் சொன்னேன்.

"உன்ரை கால்தானே" என்றார். "நீ ஏன் உடனை செய்விக்கேல்லை?"