முதலும் கடைசியும் மட்டும் வந்த படம்

சனிக்கிழமை சாயங்காலம். வண்டிப்பெரியார் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கொடுத்து முடித்தாகிவிட்டது. சுற்றுப்பட்டு எஸ்டேட் சனமெல்லாம் கம்பளியும் குடையுமாக வந்து தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. படப்பெட்டியைத்தான் காணோம்.

1950களின் நடுவில் நான் அங்கே படம் ஓட்டும் ஆப்பரேட்டர். எங்கள் வீட்டில் எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வெளியே வேலைக்கு வந்த முதல் ஆள் நான்தான். முதலாளி மீரான் ராவுத்தர் பாலக்காட்டுக்காரர். நல்ல மனிதர், வாய்தான் சுடும். முந்தின வாரம் படம் இரண்டு தடவை அறுந்து, கூட்டம் கத்தித் தீர்த்துவிட்டது. "இன்னொருக்கா ஷோ நின்னுச்சுன்னா கூடையத் தூக்கிட்டு எஸ்டேட்டுக்கே போயிக்கடா சவரி" என்றார். சொன்னால் செய்கிறவர்.

பெட்டி வரவேண்டியது குமுளியிலிருந்து. அங்கேயும் ராவுத்தருக்கு ஒரு டெண்ட் உண்டு. அங்கே ஓடி முடிந்த படத்தை ஜீப்பில் எங்களுக்குக் கொண்டுவருவது டிரைவர் சுருளியாண்டியின் வேலை. அன்று மழையில் நடுவழியில் மரம் விழுந்துவிட்டது. சுருளியாண்டி ஜீப்பை அந்தப் பக்கம் விட்டுவிட்டு, இரண்டு சாக்கில் ரீல் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டி, இந்தப் பக்கம் நின்ற தேயிலை லாரியில் ஏறி, தொப்பலாக வந்து சேர்ந்தான்.

சாக்கைப் பிரித்தேன். முதல் ரீல்கள் இருந்தன. கடைசி ரீல்கள் இருந்தன. நடுவில் ஒன்றுகூட இல்லை.

"மிச்சம் எங்கய்யா?"

"ஜீப்புல கெடக்குப்பா. ரெண்டு சாக்குதான் தூக்க முடிஞ்சுச்சு. மொதலும் கடைசியும் இருந்தா சனம் சமாளிச்சுக்கிரும்ல? நடுவுல நானெல்லாம் தூங்கிருவேன்."

அவனைத் திட்டக்கூட நேரமில்லை. மரத்தை அறுத்து எடுத்ததும் மிச்சத்தோடு வா என்று வேறொரு லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். விஷயம் தெரிந்து ராவுத்தர் கேபினுக்குள் வந்துவிட்டார்.

"பாதியில நின்னா டெண்ட்டக் கிழிச்சுப் போடுவாங்கடா. எல்லாத்தையும் இப்பவே திருப்பி அனுப்பிரலாம். நீயும் ஊட்டுக்குக் கெளம்பு."

மறுபடி அந்த லயத்தில் போய்க் கங்காணி முன்னால் நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒன்று. படம் எங்களிடம் வருவதற்குள் குமுளிக்குப் போய் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடுவது என் வழக்கம். மற்ற ஆப்பரேட்டர்கள் அதைக் கேலி செய்வார்கள்.

அது திருட்டுக் கதை, ஆனால் சிரிப்புப் படம். நகைக்கடையில் அட்டிகை திருடு போகும். அதற்குப் பிறகு மூன்று கதை. திருடர்கள் இருவர் படும் பாடு ஒன்று. அட்டிகை தன் அண்டாவில் கிடப்பது தெரியாமல் ஊர் ஊராகப் போகும் சமையல்காரர் கதை ஒன்று. பெண் கிடைக்காத கான்ஸ்டபிள் கதை ஒன்று. தனித்தனியாக ஓடி, கடைசியில் மூன்றும் ஒரே கல்யாண வீட்டில் வந்து முட்டிக்கொள்ளும்.

"மொதலாளி, படம் நிக்காது. நின்னா நானே பொட்டியக் கட்டிட்டுப் போயிருதேன்" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் ரீல்களை ஓட்டினேன். அட்டிகை திருடு போயிற்று. எங்களிடம் ஒரே மிஷின்தான். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டாக வேண்டும். முதல் ரீல்கள் தீர்ந்த இடைவெளியில் கிராமபோன் பாட்டுப் போடும் மைக்கைக் கையில் எடுத்தேன்.

"இப்ப ஒரு கல்யாண வீட்டப் பாப்பீங்க. அங்க திருடன் ஏன் நாயனம் ஊதுதான், போலீஸ்காரன் ஏன் சேல கட்டிருக்கான், சமையல்காரர் ஏன் கட்டிலுக்கு அடியில கெடக்காருன்னு யோசிச்சு வையிங்க. பொறவு சொல்லுதோம்."

கல்யாண வீட்டை ஓட்டினேன். ஒன்றும் புரியாமலே சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பந்தியில் பாயசம் பரிமாற அண்டாவைத் தூக்கும் இடம் வந்தது. அட்டிகை வெளிப்படுவது அதற்கடுத்த ரீலில். அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு விளக்கைப் போட்டேன்.

"ஏ ஆப்பரேட்டரு! அட்டிக எங்கன்னு சொல்லிட்டு வெளக்கப் போடும்யா!" என்று ஒரு கொழுந்து பறிக்கிற அம்மா எழுந்து நின்று கத்தினாள். கூட்டமும் சேர்ந்துகொண்டது. பாட்டு மேல் பாட்டாகப் போட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவன் டெண்ட் கயிற்றைப் பிடித்து ஆட்டினான். ராவுத்தர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

அப்போதுதான் வெளியே ஜீப் ஹாரன் கேட்டது. என் ஆயுசில் அப்படியொரு சங்கீதம் கேட்டதில்லை. மைக்கில், "இவங்க எல்லாரும் இந்தக் கல்யாண வீட்டுக்கு எப்படி வந்து சேந்தாங்க? பாருங்க" என்று சொல்லி நடு ரீல்களை ஏற்றினேன். திருடன் நாயனத்தைக் கையில் எடுத்த இடத்தில், "அதான் ஊதுனானா!" என்று ஒரு குரல். கான்ஸ்டபிள் சேலையைத் திருடும்போது டெண்ட்டே அதிர்ந்தது. எல்லாம் முடிந்து, ஒதுக்கி வைத்த கடைசி ரீலைப் போட்டேன். பாயசத்தோடு அட்டிகை கான்ஸ்டபிள் இலையில் விழுந்ததும் சனம் எழுந்து நின்று கை தட்டியது. அதில் பாதித் தட்டல் எனக்கு என்றே இன்றுவரை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓட்டுகிற படத்தை உட்கார்ந்து பாருங்கள். மிஷினை மட்டும் தெரிந்தவன் மிஷின் நின்றால் நின்றுவிடுவான்.

மறுநாள் ஞாயிறு. எல்லா ரீலும் கையில் இருந்ததால் ஒழுங்கு வரிசையில் ஓட்டினேன். முதல் ரீல்கள் ஓடி முடிந்து, அடுத்துக் கல்யாண வீடு வராததுமே தரை டிக்கெட்டில் ரகளை. முந்தின நாள் பார்த்தவர்கள் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். "படத்த மாத்திப் போடுதான்! நேத்து ஓட்டுனதுதான் சரி!" என்று கத்தினார்கள்.

ராவுத்தர் கேபினுக்குள் தலையை நீட்டினார். "ஏண்டா சவரி, படம் எடுத்தவன் வரிசையெல்லாம் நமக்கு எதுக்கு? உன் வரிசையில போடு" என்றார்.

போட்டேன்.