அறைக்குள் வளர்ந்த கூடு

எங்கள் ஆய்வகத்தில் அக்காவுக்குச் சூறாவளி என்று பெயர். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். உலோகத்தை முடிச்சாகவும் கரிம மூலக்கூறைக் கம்பாகவும் கோத்து, வாயு தங்கும் நுண்ணறைகள் கொண்ட படிகம் கட்டுவதுதான் அவள் வேலை. கம்பு நீண்டால் அறை பெரிதாகும் என்று இந்தத் தடவை இரண்டு மடங்கு நீளக் கம்பைப் போட்டாள். ஓவனிலிருந்து படிகம் வரும்வரை அவளும் நிற்கவில்லை, எங்களையும் நிற்கவிடவில்லை.

எக்ஸ்ரேயில் பார்த்தோம். பெரிய அறை இருந்தது. அதற்குள்ளேயே அதே மாதிரி இன்னொரு கூடு வளர்ந்து இடத்தை அடைத்திருந்தது.

"என் வீட்லயும் இதே கதைதான்" என்று கடுகடுத்தாள். தனக்கொரு மேசை போட நடுச்சுவரை இடித்திருந்தாள். தூசி அடங்குவதற்குள் அத்தானின் சைக்கிளும் மாமியாரின் தையல் மெஷினும் அங்கே குடியேறிவிட்டன.

"கம்பைக் குட்டையாக்கிடலாமாக்கா?" என்றேன்.

"எதுக்கு? நீளம் அப்படியே இருக்கட்டும். ரெண்டு பக்கமும் கிளை வெச்சா இன்னொண்ணு உள்ள வராது."

அப்படியே செய்தோம். அறை காலியாகவே நின்றது. அவள் லீவு என்பதால் சொல்ல வீட்டுக்கே போனேன். சுவரை இடித்துப் பெரிதாக்கிய அறை நடுவில் நாற்காலி போட்டு, முழங்கை இரண்டையும் அகல விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"காலையிலேர்ந்து எழுந்திருக்கவே மாட்டேங்குறா" என்றார் அத்தான், வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி.