வசந்தியின் சூடான கையுறைகள்

எண்பதுகளின் நடுவில், வெளிநாட்டுக்கு வந்த புதிதில், நானும் வசந்தியும் டோர்செட் பார்க் பகுதியில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். தையல் தொழிற்சாலைக்கு இருவரும் சைக்கிளில்தான் போவோம். பனி கொட்டும் காலைகளில் அவள் கணவர் ஹீற்றரில் சூடாக்கிய கையுறைகளைக் கீழே கொண்டுவந்து, ஈரம் படாமல் மேலே பாண் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையையும் மாட்டிவிடுவார். என் கணவர் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார். முதல் நாள் நனைந்து காயாத கையுறைகளையே நான் போட்டுக்கொள்வேன். அவளைப் பார்க்க வயிறு எரியும்.

ஒரு நாள் விரல்கள் விறைத்து, பிரேக் பிடிக்க முடியாமல் சறுக்கி விழுந்தேன். வசந்தி ஓடிவந்து என் ஈரக் கையுறைகளைக் கழற்றிவிட்டுத் தன்னுடையவற்றை மாட்டினாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

“உமக்கு?” என்றேன்.

“கொஞ்ச நேரத்தாலை ஒண்டைத் தாரும். மற்றக் கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போவம்.”

அன்று மாலை என் கதவைத் தட்டினாள்.

“உம்மட கிளவுஸைத் தாரும். இவர் எங்கடையோட சேர்த்துக் காயவைக்கிறாராம்.”

மறுநாள் அவர் இரண்டு சோடிகளோடு கீழே வந்தார்.

என் கணவர் வந்து சேரும்வரை பொறாமை போகவில்லை. ஆனால், அவர்களைப் பார்த்து வயிறு எரிந்தபோதெல்லாம், இவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்றும் கூடவே நினைத்துக்கொண்டேன்.