‘தூரமா?’ என்று மட்டும் கேட்ட அக்கா

சங்கரன்கோவில்காரியான நான் ஓமனில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். போன வருடம் ஒரு மாரத்தானில் ஓடுவதற்காக, தெற்கே ஒரு கடலோர ஊருக்குத் தனியாகக் காரில் கிளம்பினேன்.

வாசலில் ஷூ மாட்டும்போது, என்னுடன் தங்கியிருக்கும் வாசுதேவநல்லூர் செல்வி அக்கா, “ஏட்டி, தூரமா?” என்றார். கிளம்புகிறவரிடம் ‘எங்கே’ என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் ‘தூரமா?’ என்பதோடு சரி; அவர் ஊரைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“ஆமாக்கா, போயிட்டு வாரேன்.”

ஆள் நடமாட்டமில்லாத பாலைவனச் சாலையில் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. நம்மூர் வழக்கப்படி தார்ச்சாலையை விட்டு இறக்கி நிறுத்தி, முகம் கழுவினேன். திரும்பக் கிளப்பினால் சக்கரம் மணலுக்குள் புதைந்துகொண்டே போனது. போனில் சிக்னல் இல்லை. மிச்சமிருந்த தண்ணீரும் தீர்ந்தது. நான் மயங்கி விழுந்தால் எந்தத் திசையில் தேடுவது என்றுகூட யாருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது, ஒட்டகம் ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று வந்து நின்றது. அதை ஓட்டி வந்த ஓமன்காரர் முதலில் தண்ணீரை நீட்டினார். பிறகுதான் காரை இழுக்கக் கயிற்றை எடுத்தார்.

மறுநாள் ஓடி முடித்துத் திரும்பி வந்து சொன்னதும், அக்கா அழுதுவிட்டார். “சகுனம் பாத்து வாயை மூடிட்டு இருந்துட்டேனே மக்கா! உன்னைய எங்கன போயித் தேடியிருப்பேன்?”

இப்போது ஷூவைக் கையில் எடுக்கும்போதே எந்த ஊர், எந்தச் சாலை, எப்போது போய்ச் சேருவேன் என்று நானே ஒப்பித்துவிடுகிறேன். அக்கா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொள்கிறார். கடைசியில், ஒன்றும் தெரியாதவர்போல வாசலுக்கு வந்து, “ஏட்டி, தூரமா?” என்கிறார்.